அறைச் சுவரில் வயர், கையில் சிம் இல்லாத டப்: வன்னி விடுதிகளில் நெட் எடுக்கும் முறை

வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஏ9 வீதியோர விடுதிகளில் வைஃபை ரவுட்டர் பெரும்பாலும் முன்மேசைக்குப் பின்னால்தான் கொழுவியிருக்கும். முன் விறாந்தையில் கதிரை போட்டு இருந்தால் நன்றாக வேலை செய்யும். பின்பக்க அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் இரண்டு சீமெந்துச் சுவரையும் டைல் பதித்த குளியலறையையும் தாண்டி ஒரு கோடுதான் வந்து சேரும். அந்த ஒரு கோட்டில் வாட்ஸ்அப் செய்தி போகும், படம் போகாது. அதே அறையில், மேசையோரம் அல்லது டிவிக்குப் பின்னால், வயரால் நெட் எடுக்கும் லான் சொக்கெட் ஒன்று சும்மா கிடக்கும். போருக்குப் பின் எழுந்த கட்டடங்கள் சிலவற்றில் சுவர் பூசும்போதே வயரையும் இழுத்துவிட்டிருக்கிறார்கள்.

கையில் இருப்பதோ வைஃபை மட்டும் உள்ள டப் (டப்லெட்). சிம் போட இடமில்லை, லான் வயர் கொழுவ ஓட்டையும் இல்லை. ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்குப் பக்கங்களில் வீடு வீடாகப் போய், கோபோ கலெக்ட் என்ற தகவல் திரட்டும் செயலியில் படிவம் நிரப்பும் குழுக்களுக்கு இது இரவுக்கிரவு வரும் தலையிடி. பகலில் சேர்த்த படிவங்களும் படங்களும் டப்புக்குள் இருக்கும், அன்றிரவே அனுப்பியாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் குடும்பங்களின் வாசிப்புக் கருவிகளுக்கும் பிள்ளைகளின் கைவிளையாட்டுக் கருவிகளுக்கும் இதே கதைதான்.

போனின் ஹொட்ஸ்பொட்டைத் திறந்துவிட்டால் முடிந்ததே என்று கேட்கலாம். வெளியில் நின்றால் சரிதான். கொங்கிறீட் தட்டுக்குக் கீழே 4ஜி சிக்னல் விழுந்துவிடும் அறைகள் நிறைய. அதோடு, ஒரு குழுவின் படங்களை அனுப்பினாலே மாத டேற்றாவில் பெரும்பகுதி கரைந்துவிடும். சுவரில் வயர் இருக்கும்போது அதைப் பாவிப்பதுதான் முறை.

இந்த வேலையில் நேரம் வீணாவதற்குக் காரணம் அநேகமாக ஒன்றுதான்: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொழுவிவிட்டு, பிழை எங்கே என்று தெரியாமல் தடவுவது. முதலில் வயரில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்த வயர் உங்களை வெளியே விடுகிறதா என்று பாருங்கள். அதன் பிறகுதான் வைஃபை. இந்த வரிசையை விட்டால் டப்பைக் குறை சொல்வதா, ரவுட்டரைக் குறை சொல்வதா, விடுதியைக் குறை சொல்வதா என்றே தெரியாது.

அறைத் திறப்பை வாங்கும்போதே முன்மேசையில் கேட்டுவிடுங்கள்: "அண்ணை, அறையில இருக்கிற நெட் பொயின்டுக்கு லைன் குடுத்திருக்கிறியளோ?" "ஓம், ஆனா ஒருத்தரும் பாவிக்கிறேல்லை" என்று பதில் வந்தால், வயரின் மறுமுனை சுவிட்சில், அதாவது எல்லா லான் வயர்களையும் சேர்க்கும் பெட்டியில், கொழுவப்படாமல் தொங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 8 போர்ட் (வயர் கொழுவும் ஓட்டை) உள்ள சுவிட்ச் ஒன்றை வாங்கி, அதில் சிசிடிவி பெட்டி, அலுவலகக் கணினி, மேல்மாடி வைஃபை என்று எல்லாம் போன பிறகு அறைகளுக்கு இரண்டு மூன்று போர்ட்தான் மிஞ்சும். இதை மனேஜரை விட சிசிடிவி பார்க்கிற தம்பிக்குத்தான் தெரிந்திருக்கும். அறை இலக்கத்தைச் சொன்னால் ஒரு நிமிடத்தில் மாற்றிக் கொழுவிவிடுவார். வயரைப் பாவிக்கவும் அதிலிருந்து இன்னும் இரண்டு கருவிகளுக்குப் பகிரவும் அனுமதி கேட்பதும் இந்த இடத்தில்தான். சில இடங்களில் நெட்டுக்குள் நுழைய வவுச்சர் என்று ஒரு இலக்கம் தருவார்கள், ஒரு வவுச்சருக்கு ஒரு கருவி என்று விதி இருக்கும். அப்படியானால் குழுவுக்கு எத்தனை வவுச்சர் வேண்டும் என்று பேசி எடுங்கள். கள்ளமாகப் பகிர வேண்டாம்.

அறைக்குள் வந்ததும் சொக்கெட்டைக் குனிந்து நன்றாகப் பாருங்கள். லான் சொக்கெட்டுக்குள் 8 பின் (சிறு உலோகத் தொடுமுனை) இருக்கும், அகலமாக இருக்கும். அதைவிட ஒடுக்கமாக 2 அல்லது 4 பின்னோடு இருப்பது தொலைபேசி சொக்கெட். அது முன்மேசையின் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்குப் போகிற இணைப்பு, அதில் நெட் இல்லை. தொலைபேசி வயரின் முனை லான் சொக்கெட்டுக்குள் தளர்வாகப் போய்விடும், அதனால்தான் குழப்பம் வருகிறது. அப்படிச் செருகினால் ஓரத்துப் பின்கள் வளைந்து, அடுத்து வருபவருக்கும் அந்த சொக்கெட் உதவாமல் போகும். வன்னியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: செம்மண் புழுதி. பல மாதம் பாவிக்காத சொக்கெட்டுக்குள் புழுதி படிந்து எறும்பும் குடியேறியிருக்கும். ஊதி, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டுக் கொழுவுங்கள். ஈரத்துணி வேண்டாம்.

டிவிக்குப் பின்னால் இருக்கும் வயர் இன்னொரு வகை. பியோ டிவி போன்ற இணையவழித் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் போகிற வயரும் பார்வைக்கு அதே லான் வயர்தான். அதைக் கழற்றி லப்டொப்பில் கொழுவினால் லைட் எரியும், ஆனால் நெட் வராமல் போகலாம். ரவுட்டரில் அந்தப் போர்ட்டைத் தொலைக்காட்சிக்கென்று தனியாகப் பிரித்திருப்பார்கள். வயர் பழுது என்று முடிவெடுக்க முன், அது எங்கே போகிறது என்று கேளுங்கள்.

ஒரு வயரை மட்டும் எந்த நிலையிலும் தொடாதீர்கள். கூரைத் தட்டில் பொருத்திய வைஃபை பெட்டிக்கோ வெளிக் கமராவுக்கோ போகிற லான் வயரில் தரவோடு மின்சாரமும் போகும். முறையான வகை, மறுபக்கத்தில் என்ன கருவி இருக்கிறது என்று விசாரித்த பிறகே மின்சாரத்தைக் கொடுக்கும். மலிவான 24 வோல்ட் வகை எதையும் விசாரிக்காது, கொழுவிய கருவிக்கு நேரே ஏற்றிவிடும். லப்டொப்பின் லான் போர்ட் எரிய அது போதும்.

சரியான சொக்கெட் கிடைத்ததும் வயரைச் சோதிக்க லப்டொப்தான் எளிது. லான் வயரைக் கொழுவினால் போர்ட்டின் பக்கத்தில் பச்சை அல்லது செம்மஞ்சள் லைட் எரிய வேண்டும். எரியவில்லையா, முதலில் உங்கள் வயரை மாற்றிப் பாருங்கள். விடுதி தரும் வயரின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கும், கையை எடுத்ததும் வழுகி வெளியே வரும். அதனால் சொந்தமாக 2 மீற்றர் தட்டை வயர் ஒன்று பையில் இருக்க வேண்டும். உங்கள் வயரிலும் லைட் எரியாவிட்டால் பிழை சுவருக்குப் பின்னால்தான். லைட் எரிந்தும் ஐபி முகவரி (நெட்வேர்க்கில் கருவிக்குக் கிடைக்கும் இலக்கம்) 169.254 என்று தொடங்கினால், லப்டொப் முகவரி கேட்டு ஒருவரும் கொடுக்கவில்லை என்று பொருள். வயர் சுவிட்ச் வரை போகிறது, சுவிட்ச் ரவுட்டரோடு இணையவில்லை. அல்லது தொலைக்காட்சிக்கான போர்ட்டில் கொழுவியிருக்கிறீர்கள். 192.168 அல்லது 10 என்று தொடங்கும் முகவரி வந்தால் வயரின் வேலை முடிந்தது.

லைட் எரிந்து அணைந்து, அணைந்து எரிந்தால், தோட்டத்துக் குடில்களுக்கு இழுத்த நீள வயரைச் சந்தேகியுங்கள். செப்பு லான் வயருக்கு எல்லை 100 மீற்றர். அலுமினியத்தில் செப்பு பூசிய மலிவு வயர் அந்தத் தூரத்துக்கு முன்னரே தடுமாறும். அணில் கடித்திருந்தாலும் இதே அறிகுறிதான். அப்படியான அறையில் லப்டொப்பின் லான் அமைப்பில் வேகத்தை 100 எம்பிபிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 100 மெகாபிட்) குறைத்துப் பாருங்கள். அந்த வேகத்துக்கு 8 கம்பியில் 4 போதும், 1, 2, 3, 6 ஆம் பின்கள் மட்டும். 1000 வேகத்துக்கு எட்டும் சரியாக இருக்க வேண்டும். ஒரு கம்பி பழுதான வயரில் இந்த மாற்றம் பல நேரம் கைகொடுக்கும்.

இனி இந்த நெட்டை டப்புக்குக் கொண்டுபோக மூன்று வழி உண்டு. மூன்றிலும் சிறிய பயண ரவுட்டரே எங்கள் தெரிவு. மற்ற இரண்டும் கைவசம் இருப்பதை வைத்துச் சமாளிக்கும் வழிகள், அவற்றை முதலில் சொல்லிவிடலாம்.

லப்டொப் இருந்தால் செலவில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸுக்குள் நெட்வேர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் மொபைல் ஹொட்ஸ்பொட். எதைப் பகிர்வது என்ற இடத்தில் ஈதர்நெட் (லான் வயர்), எதன் வழியாக என்ற இடத்தில் வைஃபை. பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றி, அலைவரிசையை 2.4 கிகாஹேர்ட்ஸ் என்று வைத்துவிட்டு ஒன் பண்ணுங்கள். 8 கருவி வரை சேரலாம். டப்புக்கு 192.168.137 என்று தொடங்கும் முகவரி கிடைத்தால் இணைப்பு சரி. இங்கே அடிக்கடி வரும் சிக்கல், ஹொட்ஸ்பொட் ஒன் ஆக மறுப்பது. லான் வயரில் நெட் இருக்கிறது என்று விண்டோஸ் நம்பினால்தான் பகிர விடும். அறை இலக்கமோ வவுச்சரோ கேட்கும் விடுதியின் உள்நுழைவுப் பக்கத்தைத் தாண்டாமல் பகிர முயன்றால், கணினியில் இணைப்பே இல்லை என்று சொல்லும். முதலில் லப்டொப்பில் உள்நுழைந்து ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், அதற்குப் பிறகு ஹொட்ஸ்பொட்.

அதே பக்கத்தில் மின்சேமிப்பு என்று ஒரு தெரிவு இருக்கும். ஒரு கருவியும் சேராமல் சில நிமிடம் போனால் ஹொட்ஸ்பொட்டை அதுவே நிறுத்திவிடும், அதை எடுத்துவிடுங்கள். லப்டொப் தூங்கினாலும் ஹொட்ஸ்பொட் நிற்கும். இரவு முழுக்கப் படம் அனுப்ப வேண்டுமென்றால் சார்ஜரில் இருக்கும்போது தூங்காதபடியும், மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதபடியும் அமைத்துவிட்டு, மேசைமேல் காற்றுப்படும்படி வையுங்கள். சித்திரை வெயிலில் சூடேறிய அறையில் மெத்தைமேல் வைத்த லப்டொப் பாதி இரவில் சூட்டில் நின்றுவிடும். அலுவலக லப்டொப்பில் பகிர்வைத் தடுத்திருந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் அடுத்த வழிக்குப் போங்கள். மக் கணினியில் செட்டிங்ஸ், ஜெனரல், ஷேரிங், இன்டர்நெட் ஷேரிங் என்று போய் லான் அடப்டரிலிருந்து வைஃபைக்குப் பகிர வேண்டும். இன்டர்நெட் ஷேரிங்கை ஒன் பண்ண முன்னர் வைஃபைக்குப் பாஸ்வேர்ட் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது வழி, வயரை நேரே டப்பிலோ போனிலோ கொழுவும் யூஎஸ்பி லான் அடப்டர். டைப் சி ஓட்டை உள்ள அன்ட்ரொய்ட் கருவிகள் பலவற்றில் இது வேலை செய்யும், ஆனால் அடப்டருக்குள் இருக்கும் சிப்பைப் பொறுத்தது. ரியல்ரெக் ஆர்டிஎல்8153, ஏஸிக்ஸ் ஏஎக்ஸ்88179 சிப்புகள் பரவலாக ஏற்கப்படுகின்றன. பெயர் போடாத அடப்டரை வாங்கினால் அதிர்ஷ்டத்தில்தான் தங்க வேண்டும். ஐபோன் 15 முதல் டைப் சி ஓட்டை என்பதால் அதிலும் கொழுவலாம், செட்டிங்ஸில் ஈதர்நெட் என்று ஒரு வரி தோன்றும். அதற்கு முந்தைய ஐபோன்களுக்கு மின்சாரமும் கொடுக்கும் தனி இணைப்பான் வேண்டும். அன்ட்ரொய்ட் செட்டிங்ஸில் ஈதர்நெட் டெதரிங் என்று ஒன்று இருக்கும், அதை ஒன் பண்ணாதீர்கள். அது போனின் நெட்டை வயருக்குள் தள்ளுவது. நமக்கு வேண்டியது அதன் மறுபக்கம். அடப்டர் கொழுவியபடி இருந்தால் பட்டரி வேகமாக இறங்கும், ஆகவே சார்ஜும் கொழுவக்கூடிய அடப்டரையே எடுங்கள். ஒரு கருவிக்கு மட்டும் நெட் வேண்டுமென்றால் இது துப்புரவான வழி. குழுவில் 4 டப் இருந்தால் உதவாது.

இனிப் பயண ரவுட்டர். உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி, 5 வோல்ட் யூஎஸ்பி மின்சாரத்தில் ஓடும். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஆர்802என் என்பதற்கு ஒரு வயர் போர்ட், 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும், 5 வோல்ட் 1 அம்பியர். ஜிஎல் ஐநெட்டின் சிறிய பெட்டிகளில் இரண்டு போர்ட் இருக்கும், உள்நுழைவுப் பக்கத்தைக் கையாளும் வசதிகளும் கூட. விடுதியின் நெட் வேகமே பெரிதாக இல்லாத இடத்தில் விலை கூடிய மொடலுக்குக் காசு கொட்டத் தேவையில்லை. பயண ரவுட்டரின் பெரிய நன்மை வேறு: பெயரையும் பாஸ்வேர்டையும் ஒருமுறை வைத்துவிட்டால் டப்புகள் அதை நினைவில் வைத்திருக்கும். வவுனியாவில் ஒரு இரவு, மாங்குளத்தில் ஒரு இரவு, முல்லைத்தீவில் ஒரு இரவு என்று மாறினாலும் டப்புகளில் ஒன்றையும் தொட வேண்டாம். வயரைக் கொழுவினால் எல்லா டப்பும் தானாக வந்து சேரும்.

அமைப்பதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். ரவுட்டர் மோட் என்பதைத் தெரிவுசெய்து, வான் (வெளி நெட் வரும் பக்கம்) இணைப்பை டைனமிக் ஐபி (முகவரியைத் தானாக வாங்குவது) என்று வையுங்கள். வைஃபை பாதுகாப்பு டபிள்யூபிஏ2, பாஸ்வேர்ட் 12 எழுத்துக்குக் குறையாமல். பழைய டப்புகளும் வாசிப்புக் கருவிகளும் பல டபிள்யூபிஏ3ஐயும் 5 கிகாஹேர்ட்ஸையும் அறியாது, பட்டியலில் பெயர் தோன்றாது அல்லது தோன்றினாலும் சேராது. சனல் 1, 6, 11 மூன்றில் ஒன்று. நிர்வாகப் பக்கத்தின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். உங்கள் வவுச்சரின் பெயரில் யார் எதைச் செய்தாலும் விடுதியின் பதிவில் நீங்கள்தான் இருப்பீர்கள், அதனால் பாஸ்வேர்ட் இல்லாத வைஃபை வேண்டவே வேண்டாம்.

ரவுட்டரின் உள்முகவரியையும் மாற்றிவிடுங்கள். விடுதி ரவுட்டரும் உங்கள் ரவுட்டரும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்ற ஒரே வரிசையில் இருந்தால் எது உள்ளே, எது வெளியே என்று பெட்டிக்குத் தெரியாது. வைஃபை சேரும், நெட் வராது. 192.168.77.1 போல யாரும் வழமையாக வைக்காத ஒன்றைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

இப்போது, இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். சுவர் வயரை ரவுட்டரின் வான் போர்ட்டில்தான் கொழுவ வேண்டும், லான் போர்ட்டில் ஒருபோதும் கூடாது. லான் போர்ட்டில் கொழுவினால் உங்கள் சின்னப் பெட்டி, தான்தான் இந்த விடுதியின் ரவுட்டர் என்று எல்லா அறைக்கும் முகவரி வழங்கத் தொடங்கும். மற்ற அறைகளில் புதிதாகச் சேரும் போன்கள், யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவரிடம் முகவரி வாங்கும். உங்கள் பெட்டியிடம் வாங்கிய போனுக்கு வைஃபை முழுக்கோடு காட்டும், வெளியே போக வழி இருக்காது. ஒரு அறையில் நெட் வரும், பக்கத்து அறையில் வராது, பத்து நிமிடத்தில் மாறி நடக்கும். மனேஜர் முன்மேசை ரவுட்டரை நிறுத்தி நிறுத்திப் போட்டாலும் சரிவராது, ஏனென்றால் பிழை அங்கே இல்லை. முன்மேசைக் கணினியும் சிசிடிவியும் அதே சுவிட்சில்தான் இருக்கின்றன. ஒரு போர்ட் மட்டும் உள்ள பெட்டியில் இந்த ஆபத்து மோட் தெரிவில் ஒளிந்திருக்கும்: ரவுட்டர் மோட்டில் அந்தப் போர்ட் வான், வேறு மோட்டுகளில் அதே போர்ட் லான். கொழுவியதும் நிர்வாகப் பக்கத்தில் வான் முகவரி என்ற இடத்தைப் பாருங்கள். லப்டொப்பில் சோதித்தபோது வந்த அதே வரிசையில் ஒரு முகவரி இருந்தால் சரியான போர்ட்டில், சரியான மோட்டில் இருக்கிறீர்கள்.

அடுத்தது உள்நுழைவுப் பக்கம். சிறிய விடுதிகளில் இது இருக்காது, கொழுவினால் நெட். இருக்கும் இடங்களில் அறை இலக்கமோ வவுச்சர் இலக்கமோ கேட்கும். பயண ரவுட்டருக்குப் பின்னால் உள்ள எல்லாக் கருவிகளும் விடுதியின் கண்ணுக்கு ஒரே கருவிதான், ரவுட்டரின் மாக் முகவரி (கருவிக்கென்று உள்ள அடையாள இலக்கம்) மட்டுமே தெரியும். அதனால் ஒரு டப்பில் உள்நுழைந்தால் எல்லாவற்றுக்கும் வழி திறக்கும். லப்டொப்பின் மாக் முகவரியை முன்மேசையில் ஏற்கெனவே பதிந்திருந்தால், ரவுட்டரில் மாக் குளோன் என்ற இடத்தில் அதே இலக்கத்தைப் போடுங்கள். அப்படிப் போட்ட பிறகு லப்டொப்பை அதே நெட்வேர்க்கில் வயரால் கொழுவக் கூடாது, இரண்டும் மோதும்.

உள்நுழைவுப் பக்கம் தானாக வராவிட்டால் காரணங்கள் சிலதான். நீங்கள் திறக்கும் தளம் பூட்டுப் போட்ட (https) முகவரி என்றால், விடுதியின் ரவுட்டரால் இடையில் புகுந்து தன் பக்கத்தைக் காட்ட முடியாது. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்ற எச்சரிக்கைதான் வரும். பூட்டில்லாத பக்கம் ஒன்றைத் திறக்க வேண்டும். நெவர்எஸ்எஸ்எல் டொட் கொம் இதற்கென்றே இருக்கிற தளம். அல்லது ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் கேட்வே என்று காட்டும் இலக்கத்தை உலாவியில் அடியுங்கள். அன்ட்ரொய்டில் பிரைவேட் டிஎன்எஸ் என்ற அமைப்பில் ஏதாவது பெயர் போட்டிருந்தால் அதை நிறுத்துங்கள், அது விடுதியின் டிஎன்எஸ்ஸை (தளப் பெயரை முகவரியாக மாற்றும் சேவையை) தாண்டிப் போக முயன்று சிக்கிக்கொள்ளும். விபிஎன் இருந்தால் உள்நுழையும் வரை நிறுத்தி வையுங்கள். ஜிஎல் ஐநெட் பெட்டியில் டிஎன்எஸ் ரீபைண்டிங் பாதுகாப்பு என்ற தெரிவும் தடுக்கும், ஏனென்றால் விடுதியின் உள்நுழைவுப் பக்கம் உள்முகவரியில் இருக்கும், பாதுகாப்பு அதைச் சந்தேகப்படும். உள்நுழையும் வரை எடுத்துவிட்டுப் பிறகு திரும்பப் போடலாம். 24 மணி நேர வவுச்சர் என்றால் அடுத்த நாள் அதே நேரம் எல்லா டப்பிலும் ஒன்றாக நெட் நிற்கும். பெட்டி பழுதில்லை, திரும்ப உள்நுழைய வேண்டும்.

டப்பின் பக்கம் வரும் பிழைகளில் மிகவும் ஏமாற்றுவது நேரம். பட்டரி முழுக்க இறங்கிக் கிடந்த டப்பை எழுப்பினால் திகதி பல வருடம் பின்னால் நிற்கலாம். அந்தத் திகதியில் எந்தச் சான்றிதழும் செல்லாது, ஆகவே கோபோவும் ஜிமெயிலும் வேலை செய்யாது. எல்லாரும் ரவுட்டரைத்தான் திட்டுவார்கள். திகதியையும் நேரத்தையும் கையால் சரிசெய்துவிட்டுப் பாருங்கள்.

மின்சாரத்துக்கு வருவோம். ரவுட்டரை டிவியின் யூஎஸ்பி ஓட்டையில் கொழுவுவது பலருக்கு வருகிற யோசனை. அந்த ஓட்டை பெரும்பாலும் அரை அம்பியர்தான் தரும். சும்மா இருக்கும்போது ரவுட்டர் ஓடும், நான்கு டப்பும் படம் அனுப்பத் தொடங்கியதும் நின்று நின்று எழும்பும். போன் சார்ஜரையே பாவியுங்கள். சில புது விடுதிகளில் அறைத் திறப்பின் அட்டையைச் சுவிட்சில் செருகினால்தான் பிளக்குகளுக்கு மின்சாரம், சாப்பிட வெளியே போனால் அனுப்புதலும் நின்றுவிடும். 10,000 எம்ஏஎச் பவர் பாங்கில் இருப்பது 37 வாட் மணி, இழப்புப் போக 30 அளவில் கிடைக்கும். 2 வாட் எடுக்கும் சின்ன ரவுட்டருக்கு ஒரு இரவு தாராளம். மின்வெட்டு வந்தாலும் உங்கள் பெட்டி நிற்காது. முன்மேசை ரவுட்டர் ஜெனரேட்டரில் திரும்ப எழும்ப ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள், அதற்குள் அமைப்புகளை மாற்றத் தொடங்க வேண்டாம். பிளக்கும் இரண்டு வகை கிடைக்கும், பழைய கட்டடத்தில் உருண்டைப் பின், புதியதில் சதுரப் பின். இரண்டுக்கும் பொருந்தும் மாற்றி ஒன்று பையில் இருக்கட்டும்.

பெட்டியை இரும்பு அலுமாரிக்குள்ளோ அதன் பின்னாலோ வைக்காதீர்கள். மேசையின் மேல், கட்டிலுக்கு நேரே போதும். பக்கத்து அறைத் தோழருக்கும் வேண்டுமென்றால் நடுச் சுவரோரமாக வையுங்கள்.

அனுப்பும் நேரத்தையும் முன்கூட்டிக் கணக்கிட்டால் இரவு குழம்பாது. 40 வீடு, வீட்டுக்கு 5 படம், படம் 3 எம்பி என்றால் 600 எம்பி. ஏற்றும் வேகம் 5 எம்பிபிஎஸ் இருந்தால் 16 நிமிடம். பழைய தொலைபேசிக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் என்றால் ஏற்றும் வேகம் 1 எம்பிபிஎஸ் அளவில்தான், அதே 600 எம்பிக்கு 80 நிமிடம். வேகமானி காட்டும் பெரிய இலக்கம் இறக்கும் வேகம், உங்களுக்கு வேண்டியது சின்ன இலக்கம். கோபோ கலெக்டின் அமைப்புகளில் படத்தின் அளவைக் குறைக்கும் தெரிவு உண்டு. நீளப் பக்கம் 1024 பிக்ஸல் என்று களத்துக்குப் போக முன்னரே வைத்துவிட்டால் பாரம் பல மடங்கு குறையும், கிணற்றையும் கூரையையும் அடையாளம் காண அந்த அளவு போதும். அனுப்பியதும் அழித்துவிடும் தெரிவை மட்டும் நிறுத்தி வையுங்கள். கோபோவின் வழங்கியில் (சேர்வரில்) எண்ணிக்கை சரியாக வந்ததைப் பார்த்த பிறகு கையால் அழிக்கலாம். டப்பின் வைஃபை விவரத்தில் மீற்றர்ட் என்று குறித்துவிட்டால் பின்னணியில் இறங்கும் மென்பொருள் புதுப்பிப்புகள் வழியை அடைக்காது.

ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடி தொடங்கினால் சுவர் வயரைக் கழற்றிவிடுங்கள். மின் பிளக்கை எடுத்தால் மட்டும் போதாது. குடில்களுக்கிடையே வெளியால் போகும் செப்பு வயரே மின்னலின் பாய்ச்சலைப் போர்ட்டுக்குள் கொண்டுவரும். ரவுட்டருக்கு அப்பால் டப்புகள் காற்றில்தான் இருக்கின்றன, அவற்றுக்கு அந்தப் பாய்ச்சல் வராது. வயரை நேரே கொழுவிய லப்டொப்புக்கு வரும். பயண ரவுட்டரை முதல் தெரிவாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், எரிந்தால் எரிவது மலிவான பெட்டி.

அறையை விடும் காலையில், உள்நுழைவுப் பக்கத்தில் வெளியேறும் பொத்தான் இருந்தால் அழுத்தி வவுச்சரை முடித்துவிடுங்கள். டிவிப் பெட்டியிலிருந்து கழற்றிய வயர் ஏதும் இருந்தால், அதை எடுத்த அதே ஓட்டையில் திரும்பக் கொழுவி, டிவியைப் போட்டுப் படம் வருகிறதா என்று பார்த்துவிட்டே திறப்பைக் கொடுங்கள்.